கோழி வரக் கொஞ்சம் நேரமாகும்

ஆகஸ்ட் 4, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதி வைக்கும் அளவுக்கு எனக்கு எதுவும் நடப்பதில்லை. கல்லூரியில் பரிசாகக் கிடைத்த இரண்டு டைரிகளிலும் அம்மாதான் கோலம் போட்டுப் பார்த்தாள். அவற்றுக்கு அதைவிட நல்ல கதி என்னிடம் கிடைத்திருக்காது. இந்த டைரியை எழுதச் சொன்னது தரணி சார். "ரோட்டுல, பஸ்ஸுல யாரு கையை எப்படி ஆட்டுறாங்கன்னு தினமும் பாத்து எழுதி வையுங்க இசக்கி. நம்ம பொழப்பே அதுதானுங்க" என்றார். ஆகவே இது அலுவலக வேலை. சொந்த விஷயம் எதுவும் இதில் வராது.

நாங்கள் வீடியோ கேம் செய்கிறோம். கோவை கணபதியில் ஒரு பேக்கரியின் மாடியில் மொத்தமே நான்கு பேர். தரணி சார் முதலாளி. ரிஹானா படம் வரைபவள். ஜெபின் புரோகிராம் எழுதுபவர், மார்த்தாண்டத்துக்காரர். எந்தச் செயலுக்கு எந்தச் சைகை என்று முடிவு செய்வது என் வேலை. எங்கள் கேமை விளையாடக் கையில் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. டிவிக்கு முன்னால் நின்று உடம்பை அசைத்தால் போதும், டிவி மேல் உட்கார்ந்திருக்கும் கேமரா பார்த்துக்கொள்ளும். ஒரு கோழி பஸ் ஸ்டாண்டுக்குள் தப்பித்து ஓடும். அதைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

இந்த வேலைக்கான நேர்காணலில் நான் வாயே திறக்கவில்லை. பயத்தில் எல்லாக் கேள்விக்கும் தலையையும் கையையும் ஆட்டியே பதில் சொல்லிவிட்டேன். தரணி சார் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதச் சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. 29ஆம் தேதி, கேமை வெளியிடும் நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் சென்னையிலிருந்து வருகிறார். அவருக்குப் பிடித்தால் கோழியும் இருக்கும், நானும் இருப்பேன். பிடிக்காவிட்டால் எனக்கு அம்பாசமுத்திரம். அங்கே மாமா ஒரு ஜெராக்ஸ் கடையில் சொல்லி வைத்திருக்கிறார்.

இன்று பார்த்த அசைவு: டவுன் பஸ்ஸில் ஒரு அம்மா, கைக்குழந்தையைத் தோளில் போட்டு, டிக்கெட்டைப் பல்லில் கடித்து, கம்பியைக் காலால் வளைத்துப் பிடித்துக்கொண்டு தூங்கினார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று முழுவதும் கோழி பிடித்தோம். கோழியாக இருந்தது ரிஹானாவின் கைப்பை. தரணி சார் கபடி ஆடுவதுபோல் மேலே பாய்ந்து மேசையில் இடித்துக்கொண்டார். ரிஹானா துண்டைப் போட்டு அமுக்கினாள். ஜெபின் நாற்காலியை விட்டு எழாமலேயே, "இப்படிப் பிடிச்சா கோழிக்கு ஆயுசு கெட்டியாக்கும்" என்றார்.

பிறகு என்னைச் செய்யச் சொன்னார்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக் குனிந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் கைகளைக் கொண்டுவந்து இறக்கையோடு சேர்த்து அமுக்கித் தூக்கினேன். மூன்று பேரும் என் கைகளையே பார்த்தார்கள். தப்பாகச் செய்துவிட்டேன் என்று பையைக் கீழே வைக்கப் போனேன். "பையை வெக்காதீங்க, கத்துதுங்க அது" என்றார் தரணி சார். பிடிக்கும் சைகை முடிவாகிவிட்டது. அரிசி இறைத்துக் கூப்பிடுவது, உதட்டில் விரல் வைத்துப் பதுங்குவது, கையை நீட்டி பஸ்ஸை நிறுத்துவது எல்லாம் மாலைக்குள் முடிந்தன. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது.

இன்னோர் அசைவு: புரோகிராம் ஓடும்போது ஜெபின் இடது காது மடலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். இதுவும் அசைவுதான் என்பதால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சைகைகளைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாதாம். மனிதர்கள் அவற்றை எப்படிச் செய்வார்கள் என்று இயந்திரத்துக்குக் கற்றுத்தர வேண்டும். அதற்கு நாற்பது பேரைப் பிடித்து, கேமரா முன் நிறுத்தி, எல்லாச் சைகைகளையும் செய்யவைத்துப் பதிவு செய்ய வேண்டும். குள்ளம், உயரம், இளசு, கிழடு எல்லாம் கலந்து இருக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. "கீழ பேக்கரியில ஊரே நிக்குது. போய்க் கூப்பிட்டா வந்துருவாங்க" என்றார் தரணி சார்.

கீழே போனேன். ஊரே நின்றது. ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

முதல் ஆளாக ஜெபினைக் கேட்கலாம் என்று தோன்றியது. அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்று வேண்டாம், அவருக்கு வேலை அதிகம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தேங்காய் பன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று பதிவு தொடங்கியது. மற்றவர்கள் பத்து மணிக்குத்தான் வருவார்கள் என்பதால் ஏழரைக்கே வந்து நான்கு பேரை முடித்துவிட்டேன்.

ஒன்றாம் ஆள்: சுடிதார் அணிந்த இளம்பெண். இரண்டாம் ஆள்: தொப்பை உள்ள ஆண். தொப்பை நழுவியதால் ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் ஆள்: ஹெல்மெட் போட்டவர். நான்காம் ஆள்: மிகவும் உயரமானவர், இரண்டு ஸ்டூல் தேவைப்பட்டது.

பெயர்களைக் குறிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வேலை மளமளவென்று நடக்கிறது. ரிஹானா தன் மழைக்கோட்டைக் காணோம் என்று மத்தியானம் வரை தேடினாள். பன்னிரண்டாம் ஆள் அதை மடிக்காமல் போய்விட்டார். பதினேழாம் ஆள் கொஞ்சம் உற்சாகமானவர். கோழியைப் பிடித்த பிறகும் நிறுத்தாமல் ஏதோ செய்தார். அதை அழிக்க மறந்துவிட்டேன்.

மாலையில் ஜெபின் பதிவுகளைத் திரையில் ஓட்டிப் பார்த்தார். கேமரா ஆட்களின் முகத்தை வைத்துக்கொள்வதில்லை. தலைக்கு ஒரு வட்டம், கைகால்களுக்குக் கோடுகள் என்று எல்லோரையும் குச்சி மனிதர்களாக்கிவிடும். வெகுநேரம் பார்த்தார். காதைத் தேய்த்தார். பிறகு, "இந்தப் பதினேழாவது ஆளு இனியும் வருவாரா?" என்று கேட்டார்.

"அவர் ஊருக்குப் போயிட்டார்" என்றேன்.

"கஷ்டந்தான்" என்றார்.

கொண்டுவந்திருந்த மரவள்ளிக் கிழங்கு சிப்ஸை என் பக்கம் தள்ளினார். அவரிடம் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை, வாயில் சிப்ஸ் இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. விடுதியில் துணி துவைத்தேன். அம்மா போன் செய்தாள். என்ன வேலை பார்க்கிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்களாம், என்ன சொல்ல என்றாள். விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிவிக்குள்ள கோழி பிடிக்கதுக்கா தாசில்தார் ஆபீஸுக்கு அலஞ்சு முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்குனோம்? இங்க வாட்டி, நெசக் கோழியே நாலு நிக்கி" என்றாள். போனை வைத்த பிறகும் அவள் சிரிப்பது எனக்குக் கேட்டதுபோல் இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நாற்பது பேரும் முடிந்தார்கள். ஜெபின் எல்லாவற்றையும் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். மாலை எல்லோரும் கீழே டீ குடிக்கப் போனபோது நான் மட்டும் தனியாக விளையாடிப் பார்த்தேன். என்ன ஒரு கேம்! அரிசி இறைத்தேன், கோழி வந்தது. விரலை உதட்டில் வைத்தேன், பஸ் ஸ்டாண்டே அமைதியானது. குனிந்தேன், கோழி என் கையில். மறுபடி, மறுபடி. இயந்திரத்துக்கு என் மனதே தெரிந்ததுபோல் இருந்தது. திரையில் இறகு பறக்க, நான் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். யாரும் பார்க்கவில்லை.

இப்படியே போனால் 29ஆம் தேதி ஒரு கவலையும் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

தரணி சார் விளையாடினார். கோழி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறைத்தார், பதுங்கினார், பாய்ந்தார். அது பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ரிஹானா முயன்றாள், அவளுக்கும் அதே மரியாதை. என்னை விளையாடச் சொன்னார்கள். முதல் வீச்சிலேயே ஓடி வந்தது.

"ஏனுங்க, இது உங்க வீட்டுக் கோழியாட்ட இருக்குதே" என்றார் தரணி சார்.

ரிஹானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரணி சாரைத் திருப்பி நிறுத்தினாள். இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தலையைக் கொஞ்சம் குனியச் சொன்னாள். ஒரு காலின் பின்னால் இன்னொரு காலை ஒளித்து வைக்கச் சொன்னாள். ஆறடி உயரம், தாடி, முன்னாள் கபடி வீரர். அப்படி நின்றுவிட்டு அரிசி இறைத்தார். கோழி தலைதெறிக்க ஓடி வந்தது.

ரிஹானா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதுதான், என் இடது கை வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எல்லாம் தெரிந்துவிட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தரணி சார் நாற்பது குச்சி மனிதர்களையும் ஒரே திரையில் வரிசையாக நிற்கவைத்து ஓட்டச் சொன்னார். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் முழங்கையைப் பிடித்தார்கள். நாற்பது பேரும் காலை ஒளித்தார்கள். கேமராவுக்கு மழைக்கோட்டும் தெரியாது, தொப்பையும் தெரியாது. எலும்பு மட்டும்தான் தெரியும். தலையணையைக் கட்டிக்கொண்டு வியர்த்து நின்றபோது எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

இயந்திரம் நன்றாகத்தான் படித்திருக்கிறது. உலகத்தில் உள்ள மனிதர்கள் எல்லோரும் இசக்கியம்மாள் என்று படித்திருக்கிறது.

தரணி சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு வாரந்தானுங்க இருக்குது" என்று சுவரிடம் சொன்னார்.

அப்போது ஜெபின் எழுந்து நின்று தப்பு தன்னுடையதும்தான் என்றார். மூன்றாவது ஆளைப் பார்த்தபோதே அவருக்குத் தெரியுமாம். முதலில், நான் சும்மா ஒத்திகைக்காகச் செய்கிறேன் என்று நினைத்தாராம்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று ரிஹானா கேட்டாள்.

"சொன்னா இசக்கி நிப்பாட்டியிருப்பாங்க இல்லியா" என்றார். பிறகு, "அந்தப் பதினேழாவது ஆளு கோழியைப் பிடிச்சிட்டு ஒரு ஆட்டம் ஆடுவாரு. அதைப் பாத்துட்டுத்தான் நான் தினமும் வேலையைத் தொடங்குவேன்" என்றார்.

நான் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அழுவதற்காகத்தான் போனேன். உள்ளே கண்ணாடியில் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏதோ கோளாறு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பேக்கரி முதலாளியிடம் தரணி சார் பேசி, டிவியையும் கேமராவையும் இறக்கி வாசலில் வைத்தார். "நான் ஒருத்தரையும் கூப்பிட மாட்டேனுங்க. நீங்கதான் கூப்பிடோணும்" என்று சொல்லிவிட்டு, முட்டை பஃப்ஸோடு மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் நின்றேன். வலது முழங்கையைப் பிடித்திருந்தேன். அதை விட்டேன். அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு கண்டக்டரிடம் போய், "அண்ணே, ஒரு கோழி பிடிச்சுத் தாரீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் டீயை வைத்துவிட்டு, "எங்க இருக்குதுங்க கோழி?" என்று நிஜமாகவே கேட்டார்.

அதன் பிறகு நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கண்டக்டர் பாய்ந்ததைப் பார்த்து டியூஷன் முடிந்து வந்த பெண்கள் நின்றார்கள். டீ மாஸ்டர் வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பம் மொத்தமும் பிரசாதத் தட்டோடு வரிசையில் நின்றது. அதில் இருந்த பெரியம்மா கோழியைத் திட்டிய திட்டில், திரையில் இருந்தது தானாகவே அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

வேடிக்கை பார்க்க நேரமில்லாமல் வேலை செய்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். பதிவைத் தொடங்கும் முன் "கொஞ்சம் சும்மா நில்லுங்க" என்று சொன்னால் எவராலும் சும்மா நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடக் கொடியேற்றம் மாதிரி விறைத்துவிடுகிறார்கள். ஆனால் பக்கத்திலேயே, பஃப்ஸ் சூடாகி வருவதற்காகக் காத்திருப்பவர்கள் அப்படியில்லை. கண்டக்டர் அசையாத தரையிலும் ஓடும் பஸ்ஸில் நிற்பதுபோல் காலை அகட்டி நிற்கிறார். டீ மாஸ்டர், அங்கே இல்லாத ஒரு மேடையில் இடுப்பைச் சாய்க்கிறார். டியூஷன் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொள்கிறார்கள். நிற்பதில்கூட இத்தனை விதம் இருக்கிறது.

நாற்பது பேர் போதாது. நானூறு பேர் வந்தாலும் போதாது. யார் வந்தாலும், முதலில் அவர் எப்படி நிற்பார் என்று தெரிந்துகொண்டுதான் கோழி வர வேண்டும். அதற்கு அவரைக் காத்திருக்க வைக்க வேண்டும்.

டீ ஆறுவதற்குள் ஓடிப்போய் ஜெபினிடம் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். ஐந்து நிமிடம் பேசினேன் என்று ரிஹானா சொல்கிறாள். நம்ப முடியவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கேம் தொடங்கியதும் இப்போது திரையில் காலி பஸ் ஸ்டாண்ட் மட்டும் தெரியும். ஓரத்தில் ஒரு வால் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். கீழே "கோழி வரக் கொஞ்சம் நேரமாகும்" என்று எழுத்து வரும். ஆள் காத்திருப்பார். அவர் நிற்கும் நிலையைக் கேமரா அதற்குள் படித்துவிடும். வால் ரிஹானா வரைந்தது. வாசகம் என்னுடையது. மற்றதெல்லாம் ஜெபின்.

தரணி சார் இடுப்பில் கைவைத்து, தன் இஷ்டப்படி நின்று, கோழியைப் பிடித்தார். பிடித்ததும் அதை மூன்றுமுறை முத்தமிட்டார். முத்தத்துக்குச் சைகை இல்லை என்று நினைவூட்டினேன். "சேத்துருங்க" என்றார்.

ஜெபினைக் கேட்கவில்லை. 29 முடியட்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மைதிலி மேடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பட்டுப்புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. ரயிலுக்கு நேரமாகிறது என்று வந்ததும் சொன்னார். தரணி சார் நெற்றியில் விபூதி ஒரு விரல் தடிமனுக்கு இருந்தது.

மேடம் டிவி முன் நின்றார். வால் எட்டிப் பார்த்தது, மறைந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். பிறகு வலது காலைச் செருப்பிலிருந்து மெல்ல உருவி, பாதத்தைத் தரையில் வைத்து ஆற்றிக்கொண்டார். அது அவருக்கே தெரியாது. அப்போது கோழி வந்தது.

அரிசி இறைத்தார், வந்தது. பதுங்கினார், நின்றது. இரண்டு கையாலும் அமுக்கித் தூக்கியபோது, "ஐயோ பிடிச்சுட்டேன்" என்று ஒரு சின்னப் பெண் கத்தினாள். சுற்றும்முற்றும் பார்த்தேன். மேடம்தான் கத்தியிருந்தார். அதற்குப் பிறகு ரயிலைப் பற்றி அவர் பேசவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஐந்து கோழி பிடித்தார்.

முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலுக்குத் திரும்பினார். நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். "ஆரம்பத்துல ரொம்ப லோடு ஆகுது. ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது. அதை எடுத்துடுங்கோ. எடுத்தா கையெழுத்து."

தரணி சார் தலையாட்டத் தொடங்கிவிட்டார். அந்தக் காத்திருப்பை எடுத்தால் கோழி மறுபடி என் ஒருத்திக்குத்தான் வரும். ஜெபின் என்னைப் பார்த்தார். ரிஹானா என்னைப் பார்த்தாள். என் இடது கை வலது முழங்கையைத் தேடிப் போனது.

"அது லோடு ஆகல மேடம்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. "அது உங்களைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க எப்படி நிப்பீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. சும்மா நில்லுங்கன்னா யாருமே அவங்களா நிக்க மாட்டாங்க. காத்துக்கிட்டு இருக்கும்போதுதான் நிப்பாங்க. நீங்க செருப்பைக் கழட்டுன பெறகுதான் மேடம் கோழி வந்துச்சு."

மேடம் குனிந்து பார்த்தார். வெறும் பாதம் இன்னும் தரையில்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஜெராக்ஸ் கடையின் சூடான காகித வாசனைகூட வந்துவிட்டது.

"என் ஆத்துக்காரருக்குக்கூட இது தெரியாது" என்றார் மேடம். அடுத்த காலையும் செருப்பிலிருந்து எடுத்தார். "இருக்கட்டும். எதையும் எடுக்க வேண்டாம். அடுத்தது ஆடு பண்ணுவேளா?"

தரணி சார் என்னை வேலையில் நிரந்தரமாக்கினார். எப்படியென்றால், பேச முடியாமல், கட்டை விரலைக் காட்டினார். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ஆட்டையும் பிடிக்கப் போறியா?" என்றாள். பிறகு, "யாரு முன்னாலயோ பேசுனியாமே. என்னட்டி பேசுன, திரும்பச் சொல்லு" என்றாள். திரும்பச் சொன்னேன். இன்னொருமுறை கேட்டாள். இன்னொருமுறை சொன்னேன்.

ஆகஸ்ட் 30, சனி

பழைய நாற்பது பேரையும் இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டோம். அவர்களை அழிக்க ரிஹானாவுக்கு மனம் வரவில்லை. ஆளுக்கொரு சட்டை வரைந்து கேமின் பஸ் ஸ்டாண்டில் பயணிகளாக நிறுத்திவிட்டாள். முப்பத்தொன்பது பேர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் டீக்கடை ஓரத்தில் சுற்றிச் சுற்றி ஆடுகிறார். அவர் யாரென்று நான் கேட்கவில்லை.

மாலை தரணி சாரும் ரிஹானாவும் கிளம்பினார்கள். ஜெபின் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சொந்த விஷயம் எழுதமாட்டேன் என்று முதல் நாள் எழுதியது நினைவிருக்கிறது. அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றேன். கேளுங்கள் என்றார், ஒயரைப் பார்த்துக்கொண்டே. இடது காது சிவந்திருந்தது, நிறைய தேய்த்திருப்பார் போல. இந்த ஊரில் டீக்கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். இவர் ஒருவர்தான் எப்போதும் கேமராவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தவர்.

என் கைகள் இரண்டும் எங்கே இருந்தன என்று தெரியாது. முழங்கையில் இல்லை.

"நாளைக்குக் காலைல, கேமரா எல்லாம் வேண்டாம், கீழ பேக்கரி முன்னால வந்து எங்கூட சும்மா நிக்கீங்களா? கோழி வரக் கொஞ்சம் நேரமாகும்."